பழைய டிராவலருக்குப் பயோடீசல்: தும்கூர் ரோடு பங்க் எப்படி?

பெங்களூரில் பீன்யா தாண்டி தும்கூர் ரோட்டில், சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஒரு பயோடீசல் பங்க் இருக்கிறது. பழைய சமையல் எண்ணெயைச் சொந்த ஆலையில் காய்ச்சிப் பயோடீசலாக்கி, பக்கத்திலேயே விற்கிறார்கள். நாங்கள் ஸ்ரீராமபுரத்தில் கேட்டரிங் நடத்துகிறோம். சாமான் ஏற்ற 2003 மாடல் டெம்போ டிராவலர் ஒன்று வைத்திருக்கிறோம். ஒரு வருடத்துக்கு மேலாக அதில் 20 சதவீதம் பயோடீசல் கலந்து ஓட்டுகிறோம். மண்டபங்களில் பார்க்கிற பந்தல்காரர்கள், பூ அலங்காரம் செய்பவர்கள், வேன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் "அது எப்படி இருக்குக்கா?" என்று கேட்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் வண்டி என்றால், ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிட்டுத் தாராளமாக இங்கே போகலாம். காமன் ரெயில் வண்டி (கம்ப்யூட்டர் சொல்கிறபடி டீசல் பாய்ச்சும் வண்டி), அதிலும் புதிய புகை விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டி என்றால் போக வேண்டாம். புது வண்டிகளில் புகைக்கரி வடிகட்டியைச் சுத்தம் செய்ய என்ஜினே அவ்வப்போது கூடுதலாக டீசல் பாய்ச்சும். பயோடீசல் அவ்வளவு சுலபமாக ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். இதை அந்த பங்க்கில் இருக்கும் பையனே கேட்காமல் சொல்கிறான். புது எஸ்.யு.வி.யில் வந்த ஒருவரை எண்ணெய் போடாமல் திருப்பி அனுப்பியதைக் கண்ணால் பார்த்தேன். வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்கிற கடை எனக்குப் பிடிக்கும்.

எங்கள் வண்டியில் இருப்பது ஓ.எம்.616 என்ஜின். மெர்சிடிஸ் பென்ஸ் வடிவமைத்தது. அப்போது பஜாஜ் டெம்போ என்று பெயர் இருந்த கம்பெனி உரிமம் வாங்கி இங்கேயே தயாரித்தது. 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. டீசல் நேராக பிஸ்டன் மேல் பாயாது. சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் சின்ன அறைக்குள் பாய்ந்து, அங்கே தீப்பிடித்து, பிறகு வெளியே வரும். இந்த மாதிரி என்ஜின் எரிபொருள் கொஞ்சம் கனமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். பழைய மஹிந்திராவில் வந்த பியூஜோ என்ஜினும் இதே ஜாதிதான்.

எங்கள் மாமா, அதாவது என் கணவரின் அப்பா, ஆடுகோடி மைகோவில் பம்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது போஷ் என்று பெயர் மாறிவிட்ட கம்பெனி, எங்கள் வீட்டில் இன்றைக்கும் மைகோதான். டீசல் பம்பில் எண்ணெயைத் தள்ளும் பிளஞ்சர் தண்டு எவ்வளவு நெருக்கமாக உள்ளே ஓடும், அதில் ஒரு தூசி போனால் என்ன ஆகும் என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். வண்டியில் எதை ஊற்றுவதாக இருந்தாலும் அவர் சரி சொல்லாமல் ஊற்ற மாட்டோம். இந்த பங்க்குக்கு அவர் சரி சொன்னதற்குக் காரணம் அந்தச் சோதனைத் தாள்தான்.

ஒவ்வொரு முறை காய்ச்சும் சரக்குக்கும் ஒரு சோதனைத் தாள் ஒட்டி வைக்கிறார்கள். ஐ.எஸ். 15607 என்பது பயோடீசலுக்கான இந்தியத் தர அளவு. அதன்படி எஸ்டர், அதாவது உண்மையான பயோடீசல், 96.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, தண்ணீர் ஒரு கிலோவுக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, மொத்த கிளிசரால் (கிளிசரின்தான்) 0.25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மாமா முதலில் பார்ப்பது கிளிசராலைத்தான். சமையல் எண்ணெயோடு மெத்தனாலும் கொஞ்சம் காரமும் சேர்த்துச் சூடாக்கினால் எண்ணெய் உடைந்து பயோடீசலாகவும் கிளிசரினாகவும் பிரியும். நூறு கிலோ எண்ணெய்க்குச் சுமார் பத்து கிலோ கிளிசரின் அடியில் இறங்கும். அதை ஒழுங்காகப் பிரித்துக் கழுவி எடுக்காவிட்டால், டீசலைத் தெளிக்கும் நாசில் முனையில் போய்க் கரியாக உட்காரும். "டீசல் மாதிரி தெரியுது, டீசல் மாதிரி எரியுது, அது போதாதும்மா. கிளிசரின் எவ்வளவுன்னு கேளு" என்பார்.

தாளை மட்டும் நம்ப வேண்டாம் என்றால் கண் முன்னாலேயே ஒரு சோதனை செய்து காட்டுகிறார்கள். 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்குவார்கள். நல்ல சரக்கு முழுதாகக் கரைந்து தெளிவாக நிற்கும். சரியாக மாறாத எண்ணெய் இருந்தால் குழாயின் அடியில் தனியாகத் தங்கிவிடும். டீசல் கலந்திருந்தாலும் கரையாமல் பிரிந்துவிடும். மெத்தனால் விஷம், சுலபமாக ஆவியும் ஆகும். அதனால் இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். வீட்டில் செய்ய இன்னொரு வழி இருக்கிறது. ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி தண்ணீர், பாதி பயோடீசல் ஊற்றி நன்றாகக் குலுக்கி வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் இரண்டும் தெளிவாகப் பிரிய வேண்டும். நடுவில் மோர் மாதிரி வெள்ளையாக நின்றால் சோப்பு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சரக்கைத் தொடாதீர்கள். பங்க்கில் கேட்டால் சின்ன பாட்டிலில் மாதிரி தருகிறார்கள்.

இந்த அளவுக்கு நாங்கள் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த இடம் தெரிவதற்கு முன்பு ஒரு ஆள் வீட்டு வாசலுக்கே கேனில் கொண்டுவந்து "பயோடீசல், பாதி விலை" என்றான். மூடியைத் திறந்ததுமே தின்னர் வாசம். மாமா முகர்ந்து பார்த்துவிட்டு, விரலில் தொட்டுத் தேய்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் மூடியைத் திருப்பிப் போட்டுக் கொடுத்துவிட்டார். நல்ல பயோடீசல் தீப்பற்றவே நூறு டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும், அது குப்பென்று வாசம் அடிக்காது. பயோடீசல் என்ற பெயரில் கண்ட கண்ட கரைப்பானை விற்கிறார்கள். வாசலுக்கு வருவதை வாங்கவே வாங்காதீர்கள்.

சரி, வண்டியில் என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறேன். பங்க்குக்குப் போவதற்கு முன்பே ஜே.சி. ரோட்டில் பயோடீசலைத் தாங்கும் 'விட்டான்' (Viton) என்ற ரப்பரில் செய்த ஹோஸ் வாங்கி, டேங்க்கில் இருந்து பம்ப் வரை ஓடும் குழாய், திரும்பி வரும் குழாய், நாசில்களுக்கு நடுவே போகும் மெல்லிய குழாய் எல்லாவற்றையும் மாற்றினோம். பழைய வண்டிகளில் இருக்கும் சாதா ரப்பரைப் பயோடீசல் ஊற வைத்து உப்ப வைத்துவிடும். 20 சதவீதக் கலவையில் அது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் இருபது வருடப் பழைய ஹோஸ் ஏற்கெனவே வெடித்துப் போய்த்தான் இருக்கும். முகூர்த்த நாளில் யஷ்வந்த்பூர் மேம்பாலத்தில் டீசல் ஒழுகி நிற்பதைவிட முதலிலேயே மாற்றுவது மேல். டேங்க்கைக் கழற்றிக் கழுவவும் செய்தோம். கழுவிய பிறகும் முதல் ஃபில்டர் சீக்கிரமே அடைத்தது. பயோடீசலுக்கு அழுக்கைக் கரைக்கும் குணம் உண்டு. இத்தனை வருடம் டேங்க்கிலும் குழாயிலும் படிந்திருந்த கசடு எல்லாம் கிளம்பி ஃபில்டருக்கு வந்துவிட்டது. மேடு ஏறும்போது வண்டி திக்கித் திக்கி இழுக்கத் தொடங்கியதும் டிரைவரே புரிந்துகொண்டு மாற்றிவிட்டான். சீட்டுக்கு அடியில் ஒரு புது ஃபில்டர் வைத்திருங்கள். இரண்டாவது ஃபில்டருக்குப் பிறகு அந்தத் தொல்லை வரவில்லை.

ஓட்டத்தில் என்ன மாற்றம்? முதலில் தெரிந்தது சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் அந்தத் தடதடப்பு குறைந்தது. அடுத்தது புகை. அண்டா, அடுப்பு, சிலிண்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு நவரங் தியேட்டர் பக்கம் நின்று கிளம்பினால் முன்பெல்லாம் பின்னால் பைக்கில் வருபவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்போது அந்தக் கரும்புகை கண்ணில் படுவது அபூர்வம். பயோடீசலில் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன் கூடவே வருகிறது, அதனால் கரி குறைவாக உண்டாகிறது. எங்கள் வண்டி வயதுக்குப் புகைச் சோதனையில் புகையின் அடர்த்தி 65 வரை அனுமதி. அந்த எண்ணுக்கு ஓரமாக வந்து பயமுறுத்திக்கொண்டிருந்த வண்டி, இப்போது எஃப்.சி.க்குப் போகும்போது நிம்மதியாகத் தாண்டுகிறது. நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் சிறிது கூடலாம் என்கிறார்கள். புகை மீட்டரில் அது தெரியாது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மைலேஜ் குறையுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். லிட்டர் கணக்கில் பயோடீசலில் சக்தி எட்டு சதவீதம் அளவுக்குக் குறைவு. இருபது சதவீதம் கலந்தால் ஒன்றிரண்டு சதவீதம்தான் இடிக்கும். பெங்களூர் டிராபிக்கில் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மாமாவுக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இந்த வண்டி வந்த காலத்து டீசலில் கந்தகம் 500 பி.பி.எம். அளவிலோ அதற்கு மேலோ இருந்தது. 2020 ஏப்ரல் முதல் அது 10 பி.பி.எம்.தான். கந்தகத்தை எடுக்கும் வேலையில் டீசலுக்கு இயல்பாக இருந்த வழவழப்பும் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட ஆலையிலேயே மருந்து சேர்க்கிறார்கள். ஆனாலும் பழைய பம்ப்களுக்குக் கொஞ்சம் பயோடீசல் சேர்வது நல்லது என்பது அவர் கட்சி. ரோட்டரி பம்ப் இருக்கும் வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் அந்தப் பம்புக்குள்ளே சுற்றும் பாகங்களுக்கு டீசல்தான் ஆயில்.

"அப்படியென்றால் வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி நேராகவே ஊற்றலாமே, எதற்குக் காசு?" என்று சமையல்காரர்கள் கேட்பார்கள். கூடவே கூடாது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது உண்மை. நம்ம ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் உடுப்பி ஸ்ரீநிவாசா என்ற பேராசிரியர் புங்க எண்ணெயில் ஜெனரேட்டரும் தண்ணீர் பம்ப்பும் ஓட வழி செய்ததும் உண்மை. ஆனால் ஜெனரேட்டர் ஒரே வேகத்தில், நல்ல பாரத்தில், சூடாக ஓடுவது. கொரகுண்டேபாளையா சிக்னலில் கால் மணி நேரம் ஐடிலில் நிற்கும் வண்டியின் கதை வேறு. 40 டிகிரி சூட்டில் டீசலைவிடப் பயோடீசலாக மாற்றாத எண்ணெய் பத்து மடங்கு கெட்டி. நாசில் அதைப் பூவாகத் தெளிக்க முடியாமல் சொட்டாக விடும். சொட்டு முழுதாக எரியாமல் கரியாகி பிஸ்டன் ரிங்கைப் பிடிக்கும், மிச்சம் ஆயிலில் இறங்கி ஆயிலையே கூழாக்கும். எங்கள் தெருவில் பந்தல் போடும் அண்ணன் ஒருவர் தம் சின்ன ஜெனரேட்டரில் சின்ன பாரத்துக்கு அப்படி ஓட்டி, கடைசியில் பிஸ்டனை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. ரிங் அசையவே இல்லை. எண்ணெயை உடைத்துப் பயோடீசலாக மாற்றுவதே அந்தக் கெட்டித்தன்மையைக் குறைக்கத்தான்.

இந்த பங்க்கில் எனக்கு மனதாரப் பிடித்தது, எங்கள் பழைய எண்ணெயையும் அவர்களே வாங்கிக்கொள்வது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் ஒரு வரம்பு வைத்தது. பொரித்த எண்ணெயில் டி.பி.சி., அதாவது பொரிக்கப் பொரிக்கச் சேரும் கெட்டுப்போன பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மறுபடி சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதே வருடம் அந்த எண்ணெயைப் பயோடீசலுக்குத் திருப்பிவிட ரூகோ என்ற திட்டமும் வந்தது. ஆனால் தெருவில் வந்து பழைய எண்ணெய் கேட்கிறவர்களில் பாதிப் பேர் அதை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வடிகட்டி, புது எண்ணெயோடு கலந்து, மறுபடி ஏதோ ஒரு தள்ளுவண்டி வாணலிக்கே போகும். பள்ளிக்கூட வாசலில் பஜ்ஜி சாப்பிடும் பிள்ளையின் வயிற்றுக்கு. இருபது வருடமாக அடுப்படியில் நிற்கிறவள் நான், இதை நினைத்தால் எனக்குத் தாங்காது. இங்கே எடை போட்டு, ரசீது எழுதி, எந்த ஆலைக்குப் போகிறது என்றும் போட்டுத் தருகிறார்கள். கிலோவுக்குத் தெருக்காரர் தருவதைவிட இரண்டு மூன்று ரூபாய் குறைவுதான். நான் இங்கேயேதான் கொடுக்கிறேன். தண்ணீரும் மசால் துகளும் இல்லாமல் வடித்துக் கொடுத்தால் விலையை வெட்டுவதில்லை. அதிகம் புளித்த எண்ணெய் என்றால் காரம் சேர்ப்பதற்கு முன்னால் அமிலம் போட்டு ஒரு முறை காய்ச்ச வேண்டும், அந்தச் செலவுக்காகக் குறைப்பார்கள். அது நியாயம்.

குறைகளும் இருக்கின்றன. விலையை நம்பிப் போகாதீர்கள். டீசலைவிட லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய்தான் குறைவு. இருபது சதவீதம்தான் ஊற்றுகிறோம் என்பதால் கலவையில் லிட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம் மிச்சம். ஸ்ரீராமபுரத்தில் இருந்து தனியாக இதற்காகவே போய்வந்தால் அதுவும் போச்சு. எங்களுக்கு நெலமங்கலா பக்கம் ஆர்டர் இருக்கிறது, வழியில் நிரப்பிக்கொள்கிறோம். 20 சதவீதம் கலந்து வைத்த பி20 கிடையாது, டீசல் கலக்காத சுத்தமான பி100 மட்டும்தான். கலப்பது நம் பொறுப்பு. முதலில் வேறு பங்க்கில் டீசல் நிரப்பிவிட்டு, அதற்கு மேல் இதை ஊற்ற வேண்டும். பயோடீசல் டீசலைவிடக் கனம், மேலிருந்து விழுந்தால் தானாகக் கலந்துகொண்டே இறங்கும். முதலில் இதை ஊற்றினால் அடியிலேயே நிற்கும். இந்த வரிசை தெரியாமல் வருகிறவர்களுக்கு ஒரு போர்டு எழுதி வைக்கலாம். பல முறை சொல்லியும் வைக்கவில்லை.

பெரிய குறை குளிர்கால சரக்கு. இங்கே வரும் பழைய எண்ணெயில் நிறைய பாமாயில். பாமாயிலில் செய்த பயோடீசல் பதினைந்து டிகிரி பக்கத்திலேயே கலங்கத் தொடங்கும். பெங்களூரில் மார்கழி விடியற்காலை அந்த அளவுக்கு இறங்கிவிடும். ஜனவரியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போனபோது பம்ப்பின் கண்ணாடியில் சரக்கு பனி மூடியது போல் தெரிந்தது. "வெயில் வந்தா சரியாயிடும் மேடம்" என்றான் பையன். சரியாகும்தான், டீசலோடு நன்றாகக் கலந்துவிட்டால் அவ்வளவு சீக்கிரம் உறையவும் செய்யாது. ஆனால் கலங்கிய சரக்கைக் குளிர்ந்த டேங்க்கில் ஊற்றினால் கலக்காமல் ஃபில்டரில் மெழுகாகப் பிடிக்கும். அந்த நேரத்தில் அவர்கள் விற்கவே கூடாது, அல்லது சூரியகாந்தி எண்ணெய்ச் சரக்கைத் தனியாக வைத்துக் குளிர்காலத்துக்குக் கொடுக்க வேண்டும். நான் டிசம்பர், ஜனவரியில் மதியத்துக்கு மேல்தான் போகிறேன்.

கல்யாணத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, வண்டி வாரக்கணக்கில் நிற்கும். பயோடீசல் காற்றில் இருக்கும் ஈரத்தை டீசலைவிட அதிகமாக இழுக்கும், நாள்பட்டால் புளிக்கும், டேங்க் அடியில் தண்ணீர் தங்கினால் பாசி போல வளரும். ஆனி கடைசியிலும் கார்த்திகை கடைசியிலும் டேங்க்கைக் காலியாகும் அளவுக்கு ஓட்டிவிட்டு, சாதா டீசல் முழுக்க நிரப்பி நிறுத்துகிறோம். தை பிறந்ததும் ஃபில்டர் அடியில் இருக்கும் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு, அப்புறம்தான் மறுபடி பயோடீசல். என்ஜின் ஆயிலையும் புத்தகத்தில் போட்டிருப்பதற்கு முன்பாகவே மாற்றுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாலை ஆறு மணிக்கே மூடிவிடுகிறார்கள், இரவில் ஓடும் வண்டிக்காரர்களுக்கு இது சிரமம். கேனில் தர மாட்டார்கள், வண்டி டேங்க்கில்தான் ஊற்றுவார்கள். கன்னடம், தமிழ் இரண்டும் பேசுகிறார்கள், யு.பி.ஐ. உண்டு. பழைய எண்ணெய் கொண்டுபோவதாக இருந்தால் முந்தின நாளே போன் செய்துவிட்டு, மதியம் மூன்றுக்குள் போய்விடுங்கள். எடை போடும் ஆள் அதற்கு மேல் இருப்பதில்லை.